அலெக்சிஸ் கரெல் என்னும் சத்திர வைத்தியர்

1894ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் நாள், பிரான்சு தேசத்து லியோன் நகர வீதியிலே திறந்த வண்டியிற் சென்றுகொண்டிருந்த குடியரசுத் தலைவர் சாடி கார்னோ ஓர் இத்தாலிய இளைஞனுடைய கத்திக்கு இரையானார். கத்தி ஈரலைத் துளைத்து, அதற்குட் செல்லும் பெருநாளத்தை அறுத்துவிட்டது. நகரின் தலைசிறந்த சத்திர வைத்தியர்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். வயிற்றைத் திறந்தும் பார்த்தனர். எனினும், அறுந்த இரத்தக் குழாயை மீண்டும் பொருத்தும் வழி அந்நாளில் எவருக்கும் தெரிந்திலது. நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் தலைவர் உயிர் நீத்தார். அவ்வேளை அந்நகரிலே வைத்தியம் பயின்றுகொண்டிருந்த ஒரு மாணவருக்கு இருபத்தோராம் வயது நிரம்ப நான்கு நாள்களே இருந்தன. துணியைத் தைக்குமாறு நாளத்தையும் நாடியையும் தைத்தல் ஏன் இயலாது என்ற வினா அவர் உள்ளத்திலே வேரூன்றிவிட்டது. அவரே அலெக்சிஸ் கரெல்.

நூற்றாண்டு மலர்களிலும் விழா மலர்களிலும் பெரியோர் வரலாறு எழுதப்புகுவோர் குற்றமற்றவரையே தேர்ந்துகொள்ளுதல் வழக்கம். அவ்வழக்கத்தினின்று நாம் சற்று விலகுகின்றோம். இறந்தோர் ஈந்த ஈரலும் சுவாசப்பையும் இருதயமும் உடலுக்குப் புறத்தே இயந்திரத்தில் உயிர்ப்புடன் வைக்கப்பட்டு, பின்னர் நோயாளருக்குப் பொருத்தப்படுகின்றன என்ற செய்தியை எமது விஞ்ஞான வகுப்பு மாணவர் வியப்போடு வாசிக்கின்றனர். அவ்வியப்பின் தொடக்கத்தைத் தேடிச் செல்வோர் கரெலின் ஆய்வுகூட வாயிலிலே சென்று நிற்பர். அவ்வாயிலைக் கடந்து உட்புகுவோர் அவர் செய்தவற்றை மட்டுமன்றி, அவர் எழுதியவற்றையும் காணாதிருத்தல் முடியாது.

கரெல் 1873ஆம் ஆண்டு யூன் 28ஆம் நாள் லியோனை அடுத்த ஊரொன்றிலே பட்டு நெசவுத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் வளர்த்தெடுத்தார். லியோன் பட்டுக்கும் பூத்தையலுக்கும் பேர்போன நகரம். வைத்திய மாணவராயிருந்த கரெல், லெருடியே என்னும் பூத்தையற்காரியிடம் சென்று நுண்ணிய ஊசியை ஆளும் வகையைக் கற்றார் என்பர். கடதாசியிலே தைத்துத் தைத்துக் கையைப் பழக்கினார். கற்றறிந்த வைத்தியர் ஒருவர் தையற்காரியின் முன்னே மாணவராய் அமர்ந்தமை எமக்கு மிகவும் உவப்பான செய்தி. எமது மாணவருள் கைத்தொழில் வகுப்பை இளக்காரமாய் எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

அவர் கண்ட முறை கேட்பதற்கு எளியது. வட்டமான குழாய் வாயைத் தைக்கும்போது ஊசி எதிர்ப்பக்கச் சுவரையும் குத்திவிடும், வாய் சுருங்கும், உள்ளே குருதி உறையும். கரெல் இரு குழாய்களின் வாய்களையும் சம தூரத்தில் மூன்று இடங்களிலே இழையாற் பிணைத்து, அம்மூன்றையும் இழுத்துப் பிடித்தார். வட்டம் முக்கோணமாயிற்று, வளைந்த விளிம்பு நேர்கோடாயிற்று. பின்னர் நேர்விளிம்பிலே தைப்பதுபோலத் தைத்துச் செல்லலாம். ஊசியிலும் நூலிலும் வசலின் பூசி, குருதி உறையாமற் காத்தார். இம்முறையை அவர் 1902ஆம் ஆண்டிலே வெளியிட்டார்.

அதே ஆண்டில் அவர் லூர்து என்னும் யாத்திரைத் தலத்துக்கு நோயாளர் கூட்டமொன்றுடன் சென்று, சாகுந் தறுவாயிலிருந்த பெண்ணொருத்தி தேறியதைக் கண்டதாகக் கூறினார். வைத்தியர்கள் அவரை நம்பிக்கைவாதி என்றனர்; சமயத்தவரோ ஐயவாதி என்றனர். லியோன் வைத்தியசாலையிலே அவர் நாடிய பதவி கிட்டவில்லை. மனம் கசந்த கரெல் 1904இற் கனடாவுக்குக் கப்பலேறினார். அங்கே மாட்டுப்பண்ணை வைக்கவும் எண்ணினாராம். நல்லவேளையாக அவ்வெண்ணம் நிறைவேறவில்லை.

சிக்காகோ நகரிலே சார்ள்ஸ் கதிரி என்னும் உடற்றொழிலியலாளருடன் சேர்ந்து உழைத்த இரு ஆண்டுகளும், 1906இல் நியூயோர்க் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் புகுந்த பின்னர் வந்த சில ஆண்டுகளுமே அவரது வாழ்வின் விளைச்சற் காலம். நாய்களின் சிறுநீரகங்களை வெட்டியெடுத்து வேறிடத்திலே பொருத்தினார். குழாய்த் துண்டுகளைக் குளிரில் நாட்கணக்காகச் சேமித்து வைத்துப் பின்னர் பயன்படுத்தினார். வெண்மை கண்ணைக் கூசச் செய்யுமென்று, தமது சத்திரகூடத்தின் சுவர்களையும் அங்கே அணியும் ஆடைகளையும் கறுப்பாக்கினார். அக்கூடத்துட் புகுந்தவர்கள் இழவு வீட்டிற் புகுந்தது போல உணர்ந்திருப்பர் போலும்.

1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நடந்த ஒன்றை இங்கு சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. நியூயோர்க்கிலே சத்திர வைத்தியர் ஒருவரின் வீட்டிற் பிறந்த பச்சிளங் குழந்தை உட்குருதி கசிந்து வெளிறிக் கிடந்தது. குருதியை எடுத்துக் கலத்திற் சேமித்து ஏற்றும் முறை அந்நாளில் இல்லை. உறையாமற் காக்கும் மருந்தும் இல்லை. கரெல் மனிதருக்கு வைத்தியஞ் செய்ய அந்நகரில் உரிமம் பெற்றவருமல்லர். இருந்தும் நள்ளிரவிலே அவரை அழைத்து வந்தனர். தந்தையின் மணிக்கட்டு நாடியைத் திறந்து, குழந்தையின் முழங்காற் பின்புறத்து நாளத்தோடு அவர் தைத்தார். அந்நாளம் எத்துணை நுண்ணியதாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தந்தையின் குருதி நேரே மகளின் உடலிற் பாய்ந்தது, வெளிறிய தோல் செந்நிறமாயிற்று, குழந்தை பிழைத்தது. லியோனிலே கற்ற பூத்தையல் அன்றிரவு ஓர் உயிரைக் கட்டிப் பிடித்தது எனலாம்.

1912ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு கரெலுக்கு வழங்கப்பட்டது. அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் நடந்த வைத்திய ஆராய்ச்சிக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. உடனுழைத்த கதிரிக்கும் பங்கு கிடைத்திருத்தல் வேண்டுமென்று அன்று சொன்னாரும் உளர்; இன்று சொல்வாரும் உளர். அவ்வழக்கிலே கதிரியின் பக்கம் நியாயம் உண்டு என்பதே எமது கருத்து.

பரிசு பெற்றவர் தமது தோல்வியையும் தெளிவாக அறிந்திருந்தார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாய்க்குப் பொருத்தினால் அது ஆண்டுக்கணக்காக வேலை செய்தது. ஒரு நாயின் சிறுநீரகத்தை மற்றொன்றுக்குப் பொருத்தினாலோ, தையல் எத்துணைச் செம்மையாயிருப்பினும், சில நாள்களிலோ வாரங்களிலோ அது அழிந்தது. ஆகவே குறை தையலில் இல்லை. அந்நிய உறுப்பை உடல் ஏலாது தள்ளுகின்றது என்று அவர் உணர்ந்தார். இத்தடை மனிதரிலே முதன்முதலாக விலகியது 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே. அதுவும் உருவொத்த இரட்டையர் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டமையால். உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் பின்னரே வந்தன.

பிறரது உறுப்பை உடல் ஏற்காதெனின், நோயுற்ற உறுப்பையே வெளியே எடுத்து, உயிரோடு வைத்துக் குணப்படுத்தி, உரியவருக்கே திரும்பப் பொருத்தலாகாதா? கரெலின் எண்ணம் இத்திசையிலே சென்றது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். அங்கே கூடு கிடக்க உயிர் வெளிச்சென்றது. கரெல் எண்ணியதோ கூட்டின் ஒரு பகுதியை வெளிக்கொணர்ந்து அதற்கு உயிரூட்டிவைக்கும் வித்தை. செயற்கையாகக் குருதியைச் செலுத்தினால் உடலின் எப்பகுதியையும் வாழவைக்கலாம் என்று லெகல்லுவா என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1812ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். கருத்துப் பழையது; கருவிதான் இல்லை.

முதலிலே கரெல் உறுப்பின் சிறு துணுக்கை எடுத்துக்கொண்டார். 1912 சனவரியில் கோழிக் கருவின் இருதய இழையத்தைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு ஊட்டி வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு அவர் இறந்த பின்னும் 1946 வரை நடந்தது. நியூயோர்க் பத்திரிகைகள் அதற்குப் பிறந்தநாள் கொண்டாடின. என்றும் துடிக்கும் கோழி இருதயம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். அது முழு இருதயமன்று, பெருகிக்கொண்டிருந்த இழையமே. அதன் துடிப்பும் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. கலங்கள் சாவில்லாதன என்று கரெல் அதனைக்கொண்டு முடிவுசெய்தார். 1961இல் ஹேபிளிக்கும் மூர்ஹெட்டும் இயல்பான கலங்கள் ஒரு வரையறைக்கு மேற் பெருகா என்று காட்டினர். கலத்திற்கு ஊட்டிய கருச்சாற்றின் வழியே புதுக்கலங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன என்பது பலரது துணிபு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உலகு ஒரு பெயரை நம்பிப் பரிசோதனையை நம்பாதிருந்தது.

முதல் உலகப்போரிலே கரெல் பிரான்சின் கொம்பியேன் நகரத்து வைத்தியசாலையில் இருந்து, டேக்கின் என்னும் இரசாயனவியலாளரோடு சேர்ந்து, புண்களை ஓயாமற் கழுவும் கிருமிகொல்லி முறையொன்றை வகுத்தார். பெனிசிலின் இல்லாத அந்நாளிலே அம்முறையால் அழுகிப்போகாமல் தப்பிய கைகால்கள் பல.

இனி, 1930ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்கு வருவோம். அத்திலாந்திக் சமுத்திரத்தை 1927இலே தனியனாய்ப் பறந்து கடந்த சார்ள்ஸ் லின்ட்பேர்க், மயக்கமருந்து வைத்தியர் ஒருவரின் துணையோடு கரெலைக் காண வந்தார். லின்ட்பேர்க்கின் மனைவியாருடைய தமக்கையாருக்கு இருதய வால்வு பழுதுற்றிருந்தது. விமான எந்திரத்தை நிறுத்திக் கழற்றித் திருத்துகிறோமே, இருதயத்துக்கு ஏன் அவ்வாறு செய்தல் கூடாது என்பதே அவ்விமானியின் வினா. அதற்கு விடைசொல்ல இயலாத வைத்தியர் பலர் இருந்தனர். கரெலோ தமது ஆய்வுகூடத்திலே பழுதாகிக் கிடந்த பம்பிகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் கிருமி புகுந்து கெட்டது.

லின்ட்பேர்க் சம்பளமின்றி உழைத்தார். 1932இல் அவருடைய மகவு கடத்திக் கொல்லப்பட்ட பின்னரும் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அவர் வகுத்த பம்பி முழுவதும் கண்ணாடியால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள் கொண்டது. மேலறையிலே உறுப்பு, அதன் நாடி கண்ணாடிக் குழாயிற் பிணைக்கப்பட்டுக் கிடக்கும். கீழறையிலுள்ள ஊட்டநீரை ஒட்சிசன் கலந்த வாயு அமுக்கி, நாடித் துடிப்புப்போல விட்டுவிட்டு மேலே செலுத்தும். உறுப்பினூடு வழிந்த நீர் மீண்டும் கீழறையைச் சேரும். அசையும் பாகமொன்றும் நீரைத் தொடுவதில்லை; வாயு பஞ்சு வடியினூடே வருதலாற் கிருமி நுழைவதில்லை. 1935 ஏப்பிரில் 5ஆம் நாள் பூனையொன்றின் தைரொயிட்டுச் சுரப்பி அதனுள் வைக்கப்பட்டது. பதினெட்டு நாள் சென்ற பின்னும் அதன் கலங்கள் உயிரோடிருந்தன. ஆயின், எவர்பொருட்டு அவ்வினா எழுந்ததோ அந்த அம்மையார் அதற்கு நான்கு மாதம் முன்னரே, 1934 டிசம்பரில், காலமாகிவிட்டார்.

இருவரும் சேர்ந்து 1938இல் உறுப்பு வளர்ப்பைப் பற்றி நூலொன்று வெளியிட்டனர். நோயுற்ற உறுப்பு பம்பியிலே வைத்தியம் பெறும். குணமானதும் உரியவரிடஞ் செல்லும் என்பது கரெலின் கனவு. அக்கனவு அவர் காலத்தில் நனவாகவில்லை. ஊட்டநீரிலே செங்குருதிக் கலங்கள் இல்லாமையாற் போதிய ஒட்சிசனைச் சுமக்க அதனால் இயலவில்லை. உறுப்புகள் நீர்கோத்து வீங்கின. 1939இல் வயதெல்லை வந்து கரெல் பதவியை விட்டு நீங்க, பம்பிகள் மூலையில் ஒதுங்கின.

இவ்விடத்தில் நாம் எழுதத் தயங்கும் பகுதி வருகின்றது. பம்பி வெற்றிபெற்ற அதே 1935ஆம் ஆண்டிற் கரெல் மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பல இலட்சம் படிகள் விற்றது. மனிதருள் உயர்ந்தோரைப் பெருக்கவேண்டும், தாழ்ந்தோரைக் குறைக்கவேண்டும் என்பது அதிலே ஊடாடும் கருத்து. கொடுங்குற்றவாளிகளையும், குற்றம் புரிந்த மனநோயாளரையும் நச்சுவாயுவினால் வலியின்றிக் கொல்லும் சிறு நிலையங்கள் அமைத்தல் தகும் என்றும் எழுதினார். 1936இல் வெளிவந்த ஜேர்மன் பதிப்பின் முன்னுரையிலே அந்நாட்டு அரசு இத்துறையில் எடுத்த நடவடிக்கைகளைப் பாராட்டினார். 1940 தொடக்கம் 1941 ஆகஸ்டு வரையில் அவ்வரசு மனநோயாளரும் ஊனமுற்றோருமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரை வாயு அறைகளிற் கொன்றது. கரெல் அதனை ஏவியவரல்லர். எனினும், அறிஞர் ஒருவர் எழுத்தாற் செய்த பாராட்டு காற்றோடு போய்விடுவதில்லை.

காலத்தின் குற்றம் என்று சொல்லி இதனைக் கடந்துபோவார் உளர். அந்நாளிலே படித்தோர் பலரிடமும் இத்தகைய எண்ணங்கள் பரவியிருந்தன என்பது மெய்யே. எமக்கு அவ்விடை நிறைவு தருவதாயில்லை. பூனையின் சுரப்பியொன்று சாகாதிருக்க இரவுபகலாய் விழித்திருந்த மனிதர், மனநலங் குன்றிய மனிதனின் உயிரை வேண்டாப் பொருளாக எண்ணியது எவ்வாறு? உறுப்பைத் தனியே பிரித்து வைத்து, அதன் செயலைக் கண்டு மதிப்பிட்டுப் பழகிய கண், மனிதரையும் பயன்கொண்டே மதிப்பிடத் தொடங்கிவிட்டது போலும். இது எமது ஊகமே.

போரின்போது கரெல் பிரான்சுக்குத் திரும்பினார். ஜேர்மானியரோடு இணங்கிய விசி அரசு 1941 நவம்பரிலே மனிதப் பிரச்சினைகளை ஆராயும் நிறுவனமொன்றை அமைத்து அவரைத் தலைவராக்கிற்று. 1944 ஆகஸ்டிற் பாரிசு விடுதலை பெற்றதும் அவர் பதவியினின்று நிறுத்தப்பட்டார். இருதய நோய் முற்றியிருந்தமையால் விசாரணையைச் சந்திக்குமுன் அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் இறந்தார். பிற்காலத்தில் லியோன் வைத்திய பீடமொன்று அவர் பெயரைத் தாங்கி நின்றது. 1996இல் அப்பெயர் அகற்றப்பட்டு, இருதயத் துடிப்புக் கேட்கும் குழாயைக் கண்ட லெனெக்கின் பெயர் இடப்பட்டது. அம்மாற்றம் தக்கதே என்று நாம் எண்ணுகின்றோம். வைத்தியம் பயிலப் புகும் இளைஞர் நாள்தோறும் கடந்துசெல்லும் வாயிலின் மேலே எப்பெயர் இருத்தல் வேண்டும் என்பது வேறு. பாடநூலிலே எப்பெயர் இருத்தல் வேண்டும் என்பது வேறு.

நிற்க. மூலையில் ஒதுங்கிய பம்பி என்னவாயிற்று? உறுப்பு மாற்றுச் சிகிச்சை பரவியபோது, வைத்தியர்கள் எளிய வழியையே பெரும்பாலும் கைக்கொண்டனர். உறுப்பினுட் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி, பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியிலே வைத்து, விரைந்து கொண்டுசென்றனர். குளிரிலே உறுப்பின் தேவை குறையும். ஆயினும் முற்றாக நில்லாது. அதனால் இருதயத்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரமும், சுவாசப்பைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமும், ஈரலுக்குப் பன்னிரண்டு மணி நேர அளவுமே தவணை. குளிரில் உறங்கும் உறுப்பு நல்லதா கெட்டதா என்று சோதிக்கவும் வழியில்லை. ஐயம் எழுந்தால் அவ்வுறுப்பு வீசப்பட்டது. ஈந்தவரின் குடும்பத்தார் துயரத்தினிடையே மனமுவந்து அளித்த கொடை இவ்வாறு வீணாவது சிறிய இழப்பன்று.

பம்பியை மீண்டும் கையிலெடுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க வைத்தியர் பெல்சர். 1967இல் நாயின் சிறுநீரகத்தை மூன்று நாள் பம்பியிலே காத்து அவர் வெற்றிகண்டார். சுவீடன் நாட்டு லுண்ட் நகரிலே ஸ்ரீன் என்பவர், இருதயம் நின்று இறந்த ஒருவரின் சுவாசப்பையை வெளியே உயிர்ப்பித்துச் சோதித்து, பின்னர் மற்றொருவருக்குப் பொருத்திய செய்தி 2001இல் வெளிவந்தது. கனடாவின் ரொறன்ரோ நகர வைத்தியர்கள், ஐயத்துக்குரியன எனப்பட்ட 23 ஈவோரின் சுவாசப்பைகளை 37 பாகை வெப்பத்தில் நான்கு மணி நேரம் மூச்சுவிடச் செய்து பார்த்தனர். 20 தகுதியெனத் தேறிப் பொருத்தப்பட்டன என்று 2011இல் அறிவித்தனர். 2014இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, துடிப்பு நின்றுபோன இருதயங்கள் இயந்திரத்தில் மீண்டும் துடித்தெழுந்து நோயாளருக்குப் பொருத்தப்பட்டன. ஈரலுக்கான ஒக்ஸ்போர்ட் இயந்திரம் செங்குருதிக் கலங்களைச் சுமந்த திரவத்தைச் செலுத்துவது. கரெலின் பம்பிக்கு இல்லாதிருந்தது இதுவே. அதிலே ஈரல் பித்தம் சுரக்கும்; அதனைக்கொண்டே வைத்தியர் அதன் நலத்தை அறிவர். 2018இல் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு வைக்கப்பட்ட ஈரல்களில் வீணாகக் கழிக்கப்பட்டவை பனிக்கட்டியில் வைக்கப்பட்டவற்றிலும் ஏறத்தாழப் பாதியே.

எனினும், கரெல் எண்ணிய வைத்தியம் இவற்றிலே முழுமையாக நடைபெறவில்லை. இவை பெரும்பாலும் காத்தலும் சோதித்தலுமே. 2021 மே மாதத்திலே சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகருக்கு ஓர் ஈரல் வந்தது. அதிலே தன்மை அறியப்படாத கட்டியொன்று இருந்தது. ஈந்தவருடைய உடலிற் கிருமித்தொற்றும் இருந்தது. ஏனைய வைத்தியசாலைகள் யாவும் அதனை மறுத்துவிட்டன. பனிக்கட்டிப் பெட்டியின் சில மணி நேரத்துக்குள் கட்டியை ஆராய்ந்து முடித்தல் இயலாது. சூரிச்சு வைத்தியர்கள் அவ்வீரலை இயந்திரத்தில் மூன்று நாள் வாழவைத்தனர். அதற்குள் கட்டி தீங்கற்றது என்று தெரியவந்தது. நுண்ணுயிர்கொல்லி மருந்துகள் ஈரலுக்கே நேராக ஊட்டப்பட்டன. பின்னர், ஈரற் புற்றுநோயோடு காத்திருந்த ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. கரெல் உரியவருக்கே திரும்பக் கொடுக்க எண்ணினார். இங்கே முன்பின் அறியாத ஒருவருக்கு அது சென்றது. சில நாள்களில் அந்நோயாளர் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பினார். ஓராண்டு கழிந்தபோதும் நலமாயிருந்தார்.